கைத்தொலைபேசி காட்டும் தூரம் எந்தத் தூரம்?

கடந்த மாரி தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து சனம் கலைந்தபின், முதியவர் ஒருவர் கையில் ஒரு படிவத்துடன் வந்து நின்றார். கடனீரேரிக்கு அக்கரையில் அவருக்கு வயற்காணி உண்டு. போரில் இடம்பெயர்ந்த நாள் முதல் இக்கரையில் மகள் வீட்டில் வாழ்கிறார். படிவத்தில் ஒரு கேள்வி: தற்போதைய வதிவிடத்திலிருந்து காணி எவ்வளவு தூரம்?

"பாதர், பேரன் போனிலை பாத்துப் பதினேழு கிலோமீற்றர் எண்டுறான். பஸ்ஸிலை போனால் முப்பத்தாறு வருது. நான் எதை எழுதுறது? பிறகு பொய் எழுதினதாய் வரக்கூடாது" என்றார்.

பேரன் சொன்னதும் பொய்யல்ல, பஸ் ஓடியதும் பொய்யல்ல. அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான இரண்டு விடைகள். தம் காணியைவிட்டு விலகி வாழும் குடும்பங்கள் பல இன்று கைத்தொலைபேசியை எடுத்துத் தம் வளவையும் கிணற்றையும் படத்தில் தேடுகின்றன. அதில் வரும் இலக்கத்தை நம்பிப் படிவம் நிரப்புகின்றன. சில வேளைகளில் அயலவருடன் சண்டைக்கும் போகின்றன. ஆகவே அந்த இலக்கம் எப்படிப் பிறக்கிறது, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

எமது முன்னோர் தூரத்தைக் கூப்பிடு தூரம் என்றும் கட்டை என்றும் சொன்னார்கள். மைல் கல்லே கட்டை. கிளிநொச்சியில் இன்றும் 155ஆம் கட்டை என்பது ஓர் இடத்தின் பெயர். அந்தக் கணக்கு எப்பொழுதும் பாதையோடு ஒட்டியது. வீதி வளைந்தால் கட்டையும் வளையும். கைத்தொலைபேசியின் கணக்கு அப்படியல்ல. அதற்கு வீதியும் தெரியாது, குளமும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை இரண்டு புள்ளிகள் மட்டுமே. யாழ்ப்பாண நகரிலிருந்து சாவகச்சேரி நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் என்று அது சொல்லும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு அந்தத் தூரத்தை நடந்தவர்கள் அதை வேறுவிதமாக அளந்திருப்பார்கள்.

முதலில் புள்ளியைப் பற்றி. பூமியிலுள்ள எந்த இடத்தையும் இரண்டு எண்களாற் குறிக்கலாம். மத்திய கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு என்பது அகலாங்கு. இங்கிலாந்தின் கிறீனிச் வழியாகச் செல்லும் கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எவ்வளவு என்பது நெட்டாங்கு. இரண்டும் பாகையில் அளக்கப்படும். 20,000 கிலோமீற்றருக்கும் மேலான உயரத்திற் சுற்றும் செய்மதிகள் அனுப்பும் சமிக்ஞைகளைக் கைத்தொலைபேசி வாங்குகிறது. ஒவ்வொரு சமிக்ஞையும் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு, குறைந்தது நான்கு செய்மதிகளின் உதவியுடன் தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. இதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. காசு செலவாவது பின்னணியிலுள்ள படத்தை இறக்குவதற்கே. 'டேற்றா' இல்லாத கைத்தொலைபேசி இடத்தைக் காட்டாது என்று எண்ணி வயல்வெளியிற் பலர் அதைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். அது தவறு. படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

கூகிள் படத்தில் ஓர் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும். அந்த இடத்தின் இரண்டு எண்களும் தேடும் பெட்டியிலே தோன்றும். அவற்றை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். கைத்தொலைபேசி தண்ணீரில் விழும். கொப்பி பெரும்பாலும் விழாது.

எழுதும்போது மூன்று தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, எண்களை இடம் மாற்றி எழுதுவது. வடக்கில் அகலாங்கு 8 அல்லது 9 எனத் தொடங்கும். நெட்டாங்கு 79 அல்லது 80 எனத் தொடங்கும். அகலாங்கே முதலில் வரவேண்டும். மாற்றி எழுதினால் உங்கள் தோட்டம் வட துருவத்துக்கு அண்மையிலுள்ள உறைபனிக் கடலில் இருக்கும். சிரிக்க வேண்டாம், அப்படியான படிவங்களை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது தவறு இதைவிட ஆபத்தானது, ஏனெனில் அது கண்ணிற் படாது. பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை. மடு ஆலயம் 8 பாகை 51 கலை வடக்கு, 80 பாகை 12 கலை கிழக்கு. இதைத் தசமத்தில் எழுத 51ஐ 60ஆற் பிரிக்கவேண்டும். விடை 0.85. ஆகவே 8.85. அதேபோல 12 கலை 0.20, ஆகவே 80.20. ஆனால் பலர் 8 பாகை 51 கலையை அப்படியே 8.51 என்று எழுதிவிடுகிறார்கள். 8.51க்கும் 8.85க்கும் இடையில் 37 கிலோமீற்றருக்கு மேல். மடு மாதா வில்பத்துக் காட்டுப் பக்கம் போய்விடுவார். காணிப் படிவத்தில் இத்தவறு நேர்ந்தால் உங்கள் காணி வேறொரு மாவட்டத்திற் கூட விழக்கூடும்.

மூன்றாவது, தசமங்களை வெட்டிவிடுவது. முதலாம் தசமம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் பெறும். இரண்டாம் தசமம் 1.1 கிலோமீற்றர், மூன்றாவது 110 மீற்றர், நான்காவது 11 மீற்றர், ஐந்தாவது ஒரு மீற்றருக்குச் சற்று மேல். ஊரைக் காட்ட இரண்டு தசமம் போதும். கிணற்றைக் காட்ட ஐந்து வேண்டும்.

இனித் தூரக் கணக்கு. மேலே சொன்னவற்றைக் கொண்டு இதைப் பேனாவாலேயே செய்யலாம். எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் செய்துகாட்டுவார்கள். மன்னார் நகரை 8.98, 79.91 என்று கொள்வோம். மடு 8.85, 80.20. அகலாங்கு வித்தியாசம் 0.13. எமது பகுதியில் ஒரு பாகை அகலாங்கு 110.6 கிலோமீற்றர், பெருக்கினால் 14.4. இது வடக்குத் தெற்காக உள்ள தூரம். நெட்டாங்கு வித்தியாசம் 0.29. ஒரு பாகை நெட்டாங்கு இங்கே ஏறத்தாழ 110 கிலோமீற்றர், பெருக்கினால் 31.9. இது கிழக்கு மேற்காக உள்ள தூரம். இந்த இரண்டும் ஒரு செங்கோண முக்கோணியின் இரு பக்கங்கள். பைதகரசின் தேற்றப்படி இரண்டினதும் வர்க்கங்களைக் கூட்டினால் 207.4 உம் 1017.6 உம் சேர்ந்து 1225. அதன் வர்க்கமூலம் 35. மன்னாரிலிருந்து மடு நேர்கோட்டில் 35 கிலோமீற்றர். ஆடித் திருவிழாவுக்கு வாகனத்தில் வந்தவர்களைக் கேட்டால் ஏறத்தாழ ஐம்பது என்பார்கள். முருங்கன் பக்கமாக வந்து, மடு வீதிச் சந்தியில் திரும்பி, காட்டு வழியால் போகவேண்டுமே.

நெட்டாங்குப் பாகைக்கும் அகலாங்குப் பாகைக்கும் ஏன் வேறு வேறு எண்? ஒரு பூசணிக்காயை எடுத்துப் பாருங்கள். அதன் வரிகள் நடுவில் அகன்றும் காம்பை நோக்கிப் போகப்போக ஒடுங்கியும் இருக்கும். நெடுங்கோடுகளும் அப்படித்தான் துருவத்தை நோக்கி ஒடுங்குகின்றன. மத்திய கோட்டில் ஒரு பாகை நெட்டாங்கு 111.3 கிலோமீற்றர், எம்மிடம் 110, உங்கள் பிள்ளைகள் சிலர் வாழும் இலண்டனில் 69 கிலோமீற்றர் மட்டுமே. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இந்த எளிய கணக்குச் சரிவரும். மன்னாரிலிருந்து இலண்டனுக்குச் சரிவராது. அங்கே பூமியின் உருண்டைத்தன்மை முழுமையாகக் குறுக்கே வரும். பூசணிக்காயின் மேல் இரண்டு இடங்களில் ஊசி குத்தி, இடையே நூலை இறுக்கிக் கட்டினால் அந்த நூல் கிடக்கும் கோடே இரண்டுக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம். செயலிகள் கணிப்பது அந்த நூலின் நீளத்தையே.

எமது பங்குகளில் கணினி கற்கும் பிள்ளைகள் சிலர் தாமே செயலி எழுத முனைகிறார்கள். அவர்களுக்காக ஒரு பந்தி. மற்றவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். இதற்குரிய சூத்திரம் ஹவர்சைன் எனப்படும். அகலாங்கு வித்தியாசத்தின் பாதிக்குச் சைன் கண்டு வர்க்கிக்கவும். நெட்டாங்கு வித்தியாசத்தின் பாதிக்கும் அவ்வாறே செய்து, அதை இரு இடங்களினதும் அகலாங்குகளின் கோசைன்களாற் பெருக்கவும். இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதன் நேர்மாறு சைனைக் கண்டு, இரண்டாற் பெருக்கி, பூமியின் சராசரி ஆரையான 6,371 கிலோமீற்றராற் பெருக்கினால் தூரம் வரும். கணினி மொழிகள் கோணத்தைப் பாகையில் ஏற்பதில்லை, ஆரையனிலேயே ஏற்கும். அதை மறந்தவர்களின் செயலி யாழ்ப்பாணத்தையும் வவுனியாவையும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் தள்ளிவிடும். பூமி சரியான கோளமும் அல்ல. மத்திய கோட்டில் ஆரை 6,378 கிலோமீற்றர், துருவத்தில் 6,357. இதனால் ஹவர்சைன் விடையில் நூற்றுக்கு அரைப்பங்கு வரை பிழை வரலாம். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் முன்னரே அமைந்துள்ள தூரக் கணிப்பு, தட்டையான இந்த உருவத்தையும் கருத்திற் கொண்டு 1975இல் வின்சென்ரி வெளியிட்ட முறையைத் தழுவியது. இயலுமானால் அதையே பயன்படுத்துங்கள். ஹவர்சைன் என்ற பெயரை 1835இல் மாலுமிகளுக்கான தமது நூலில் இட்டவர் ஜேம்ஸ் இன்மன். அவரும் ஒரு குருவானவர்தான், ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். கணக்கில் ஆர்வமுள்ள குருமார் அன்றே இருந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

இவ்வளவு நுட்பமாகக் கணித்தாலும் கிடைப்பது காகம் பறக்கும் தூரமே. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று பார்த்தால் காரைநகர் கண்ணுக்கு எதிரே தெரியும். கைத்தொலைபேசி ஒரு கிலோமீற்றர்கூட இல்லை என்று சொல்லும். 'பாதை' ஓடினால் அது சரி. ஓடாவிட்டால் வேலணை, பண்ணை, யாழ்ப்பாணம், வட்டுக்கோட்டைப் பக்கம் என்று நாற்பது கிலோமீற்றருக்கு மேற் சுற்றவேண்டும். கட்டுக்கரைக் குளத்தின் இரு கரைகளிலும் வாழ்வோருக்கும் இது புதிதல்ல. கோடையில் குறுக்கே நடக்கும் இடத்தில் மாரியில் தண்ணீர் நிற்கும். நேர்கோட்டுக் கணக்குக்குக் கோடையும் மாரியும் ஒன்றே.

எமக்குத் தெரிந்த இளைஞர் சிலர், அண்மையிலுள்ள வைத்தியசாலையைக் காட்டும் ஒரு சிறு செயலியை எழுதினார்கள். நல்ல எண்ணம், நல்ல வேலை. ஆனால் அது நேர்கோட்டுத் தூரத்தை வைத்தே 'அண்மை'யைத் தீர்மானித்தது. குளத்துக்கு அப்பாலுள்ள வைத்தியசாலையை முதலாவதாகவும், வீதியால் பாதி நேரத்திற் போகக்கூடியதை இரண்டாவதாகவும் காட்டிற்று. புடையன் கடித்த ஒருவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்தச் செயலியைப் பார்த்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். அவர்கள் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் எந்த வைத்தியசாலைக்கு எந்த வீதியால் எவ்வளவு நேரம் என்பதைச் சாரதிகளிடம் கேட்டுக் கையால் எழுதிச் சேர்த்தார்கள். வீதித் தூரம் வேண்டுமென்றால் படத்தில் தூரத்தை அளக்கும் இடத்துக்குப் போகாமல், வழி காட்டும் இடத்துக்குப் போகவேண்டும். அங்கும் எமது உள்வீதிகள் சில படத்தில் இல்லை. சில படத்தில் உண்டு, நிலத்தில் இல்லை.

நேர்கோடு பற்றி இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். நீண்ட காலத்தின் பின் காணி பார்க்கப் போகிறவர்கள், கைத்தொலைபேசி காட்டும் திசையைப் பார்த்துப் பற்றைக்குள் இறங்கி நேரே நடக்க வேண்டாம். போர் நடந்த பகுதிகளில் மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத நிலத்தில் நாற்பது மீற்றரும் நீண்ட தூரமே. மண்டையோடு வரைந்த பலகையைக் கைத்தொலைபேசி வாசிக்காது. ஊரவர் நடந்து தேய்ந்த பாதையிலேயே போங்கள்; பாதை இல்லாவிட்டால் கிராம அலுவலரைக் கேட்காமற் போகாதீர்கள்.

அடுத்தது வேலிச் சண்டை. மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் இரண்டு குடும்பங்கள் என்னிடம் வந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெறுமையாய்க் கிடந்த நிலம். பூவரசங் கதியால்கள் இல்லை, எல்லைக் கற்கள் இல்லை, ஒழுங்கை எது என்றும் தெரியவில்லை. ஒரு வீட்டு இளைஞன் நான்கு மூலைகளிலும் கைத்தொலைபேசியுடன் நின்று புள்ளி குறித்து, தூரம் கணித்து, "உங்கள் வேலி எங்கள் காணிக்குள் ஆறு மீற்றர் வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டான். மற்ற வீட்டார் கத்தியை எடுக்கவில்லை, அது கடவுள் அருள்.

அவன் செய்த தவறு கணக்கிலல்ல. திறந்த வெளியில் நின்றாலே ஒரு கைத்தொலைபேசி காட்டும் புள்ளி ஏறத்தாழ ஐந்து மீற்றர் அங்குமிங்கும் விலகியிருக்கும். மாமரத்தின் கீழும் சுவரோரத்திலும் இன்னும் கூடும். படத்தில் உங்கள் புள்ளியைச் சுற்றி வெளிர் நீல வட்டம் ஒன்று தெரிகிறதல்லவா? 'இந்த வட்டத்துக்குள் எங்கோ நிற்கிறீர்கள்' என்பதே அதன் பொருள். இரண்டு புள்ளிகளும் எதிரெதிராக விலகினால் பிழை பத்து மீற்றர் வரை போகலாம். மன்னாருக்கும் மடுவுக்கும் இடையில் பத்து மீற்றர் ஒரு பொருட்டல்ல. ஆனால் ஒரு பரப்புக் காணி என்பது பத்துப் பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 16 மீற்றர். அதில் பத்து மீற்றர் பிழை வந்தால் பக்கம் 6 மீற்றராகவோ 26 மீற்றராகவோ மாறும். பரப்பளவு 36 சதுர மீற்றராகவோ 676 சதுர மீற்றராகவோ வரும். வன்னியில் ஓர் ஏக்கர் வயலை இப்படி அளந்தாலும் அது முக்கால் ஏக்கருக்குக் குறைவாகவோ ஒன்றேகால் ஏக்கருக்கு மேலாகவோ காட்டக்கூடும். இவை மிக மோசமான நிலைமைகள்தான். எனினும் எந்த நாளில் அது நேர்கிறது என்பதைக் கைத்தொலைபேசி சொல்லாது.

அந்த இரு குடும்பங்களின் விடயத்தில் நாங்கள் செய்தது இதுதான். இரு பக்கத்து உறுதிகளையும் எடுத்து, கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு எல்லைகளாக எவர் காணிகள் எழுதப்பட்டுள்ளன என்று வாசித்தோம். ஊரின் இரண்டு வயோதிபர்களைக் கதிரையில் இருத்திக் கேட்டோம். இடியாமல் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி கிணறு. கிணற்றுக் கட்டிலிருந்து மீற்றர் நாடா பிடித்தோம். கைத்தொலைபேசியில் ஆறு மீற்றராக இருந்த வித்தியாசம் நாடாவில் ஒன்றரை முழமாகச் சுருங்கியது. அதற்கும் இருவரும் இணங்காததால், உரிமம் பெற்ற நில அளவையாளரைச் செலவைப் பங்கிட்டு அழைப்பதாக முடிவாயிற்று. அவர் வைத்த கற்களே இப்பொழுது அங்கு நிற்கின்றன. நீதிமன்றமோ பிரதேச செயலகமோ கேட்பதும் அவருடைய படத்தைத்தான், கைத்தொலைபேசியின் திரையை அல்ல.

அப்படியாயின் இடம்பெயர்ந்து வாழ்பவருக்கு இந்தத் தூரக் கணக்கால் என்ன பயன்? பயன் உண்டு. இன்னும் உள்ளே போக இயலாத காணி ஒன்று உங்களுக்கு இருந்தால், ஊரில் மாறாமல் நிற்கும் மூன்று அடையாளங்களைத் தெரிவு செய்யுங்கள்: கோவிற் கோபுரம், சந்தி, குளத்தின் துருசு போன்றவை. செய்மதிப் படத்தில் உங்கள் கிணறோ வீட்டு அத்திவாரமோ தெரிந்தால், ஒவ்வோர் அடையாளத்திலிருந்தும் அதற்குள்ள நேர்கோட்டுத் தூரத்தை அளந்து, திகதியுடன் எழுதுங்கள். ஒரு தூரம் ஒரு வட்டத்தைத் தரும். மூன்று தூரங்கள் ஒரே இடத்தில் சந்திக்கும். அவை சந்திக்காவிட்டால் ஓர் அளவையோ ஓர் அடையாளமோ பிழை என்று உடனே தெரியவரும். வீட்டிலுள்ள முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். பற்றை மூடிய நிலத்தில் 'இதுதான் புளியடி' என்று சொல்ல அவர்களால் மட்டுமே இயலும்.

பழைய நில அளவைப் படத்தில் உள்ள எண்களைக் கைத்தொலைபேசி எண்களோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம். 1800இல் தொடங்கிய எமது நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குலப் படங்கள், செய்மதிகளுக்கு முந்திய வேறொரு அடிப்படையில் வரையப்பட்டவை. கைத்தொலைபேசி பயன்படுத்துவது டபிள்யூ.ஜீ.எஸ். 84 என்ற உலகப் பொது அடிப்படை. இரண்டையும் கலந்தால் இடம் நூறு மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். மாற்றித் தர நில அளவையாளரால் இயலும்.

முதியவரின் படிவத்துக்கு வருவோம். கேள்வியில் எந்தத் தூரம் என்று சொல்லப்படவில்லை. எனவே கொடுக்கப்பட்ட சிறு கட்டத்துக்குள் இரண்டையும் எழுதினோம்: "நேர்கோட்டில் 17 கி.மீ., சங்குப்பிட்டிப் பாலம் ஊடாக வீதியால் 36 கி.மீ." எழுதி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பாலம் கட்டுமுன் நெல் மூட்டையுடன் படகில் வந்த தூரத்தையும் எழுத இடமிருக்கிறதா என்று கேட்டார். கட்டத்தில் இடமிருக்கவில்லை.